இல்லை, அல்ல, ஒரு: சாம்பியன் ரீப்ஸில் பிரெஞ்சு ஆர்ட்டிகிள் கற்பித்தல்

தமிழ் மாணவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிப்போர் பலரும் முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை சொல்வதுண்டு: “தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது. ஆகவே இந்தப் பாடத்தை ஆங்கிலத்தின் வழியாகப் புரிந்துகொள்ளுங்கள்.” இந்த அறிவுரையின் முதற்பகுதி உண்மை. இரண்டாம் பகுதி அந்த உண்மையிலிருந்து பிறப்பதன்று. பிரெஞ்சின் குறிப்பிடாத ஆர்ட்டிகிளில் மாணவர் தடுக்கி விழும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றிற் சரிபாதி ஆங்கிலம் வைத்த கற்கள். தமிழ் வழியே நடந்திருந்தால் அங்கே கல்லே இருந்திராது. என் ஆய்வு இந்த ஒப்பீட்டைப் பற்றியது. ஆய்வேட்டின் நடையை விட்டு, வகுப்பறையிற் கண்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன். பிரெஞ்சுச் சொற்களைக் காதில் விழுந்தவாறு தமிழெழுத்தில் தருகிறேன். உச்சரிப்பு வல்லுநர்கள் பொறுத்தருள்க.

வகுப்பறை என்றது கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில், லைன் வீடுகளுக்கு நடுவே ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் வருவார்கள். கல்லூரியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தவர்கள், பெங்களூரில் வேலைக்குப் போகிறவர்கள். வார நாள்களில் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் சாம்பியன், ஊரிகாம், கோரமண்டல் என்று வரிசையாக ஏறி, இருட்டிய பிறகு அதே ரயிலில் திரும்புகிறவர்கள். அனைவரும் சுரங்கக் குடும்பத்துப் பிள்ளைகள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இந்த வயலில் கால்வைத்த பிறகு வடஆர்க்காடு, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் கொள்ளுப்பேரர்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று எல்லாச் சுரங்கங்களும் மூடப்பட்டன. என் மாணவர்களிற் பெரும்பாலோர் அதற்குப் பின் பிறந்தவர்கள்.

முதலில் அடிப்படை. பிரெஞ்சில் பெயர்ச்சொல் பெரும்பாலும் தனியே நிற்பதில்லை. தனக்கு முன்னால் ஒரு சிறு சொல்லை நிறுத்திக்கொண்டுதான் வாக்கியத்துள் நுழையும். கேட்பவருக்கு முன்பே தெரிந்த பொருளானால் லு, லா, லே. புதிதாக அறிமுகமாகும் பொருளானால் ஆண்பாலுக்கு அங், பெண்பாலுக்கு யூன், பன்மைக்குத் தே. இந்த மூன்றே குறிப்பிடாத ஆர்ட்டிகிள்கள். சுரங்கத்துக்குப் பிரெஞ்சில் ‘மீன்’ என்று பெயர்; பெண்பால். ஆகவே ‘யூன் மீன்’ என்றால் ஒரு சுரங்கம். இதைச் சொன்ன அன்று வகுப்பில் எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பொன்னுக்குச் சொல் ‘ஓர்’ என்று தெரிந்தபோது இன்னொரு முறை சிரித்தார்கள். தங்கச் சுரங்கம் ‘மீன் தோர்’ ஆகிவிட்டது. மறக்க முடியாத சொற்கள் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சியே.

லத்தீனிலும் தமிழைப் போலவே ஆர்ட்டிகிள் இல்லை. ஒன்று என்னும் எண்ணைக் குறித்த ‘ஊனுஸ்’ தேய்ந்து அங் ஆயிற்று. அது, அவன் என்னும் சேய்மைச் சுட்டான ‘இல்லே’ தேய்ந்து லு ஆயிற்று. அதாவது பிரெஞ்சு ஆர்ட்டிகிள் என்பது பழைய ‘ஒரு’வும் பழைய ‘அந்த’வும்தான். வேறுபாடு பொருளில் இல்லை, கட்டாயத்தில் இருக்கிறது. தமிழில் ‘ஒரு’ வேண்டும்போது வரும், வேண்டாதபோது ஒதுங்கும். பிரெஞ்சில் ஒவ்வொரு பெயரின் வாசலிலும் பேசுபவர் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

நம் ‘ஒரு’ செய்யும் வேலையைக் கவனித்தால் இந்த உறவு தெளிவாகும். ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தான் என்று பாட்டி தொடங்குவாள். அடுத்த வாக்கியத்தில் அவன் ‘அந்த ராஜா’ ஆகிவிடுவான். அந்த இரண்டாம் வாக்கியத்தில் மறுபடியும் ‘ஒரு ராஜா’ என்று சொன்னால் கேட்கும் குழந்தை உடனே ‘இன்னொருத்தனா?’ என்று கேட்கும். அங் என்பதிலிருந்து லு என்பதற்கு நகரும் விதி முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. எழுத்துத் தமிழில் மெய்க்கு முன் ‘ஒரு’, உயிருக்கு முன் ‘ஓர்’ என்கிறோம். இது அடுத்த ஒலியைப் பார்த்துச் செய்யும் மாற்றம். அங், யூன் என்பது அடுத்த சொல்லின் பாலைப் பார்த்துச் செய்யும் மாற்றம். இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லிவிட்டால் குழப்பம் குறையும்.

பிரெஞ்சு நாவல்களில் சுரங்கத்தைப் பற்றிப் பெரும்புகழ் பெற்றது எமில் ஸோலாவின் ‘ஜெர்மினல்’. 1885இல் நூலாக வந்தது. வட பிரான்சின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றியது. எழுதுவதற்கு முன் 1884இல் ஸோலா அன்ஸான் என்னும் சுரங்கப் பகுதிக்கு நேரிற் சென்று பார்த்தார். அப்போது அங்கே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடநூல் எனக்குத் தெரியவில்லை. ஆர்ட்டிகிளைக் கற்பிக்க அதன் தொடக்கப் பக்கங்களே போதும். இருட்டில், வெட்டவெளிச் சாலையில் ஒருவன் நடந்து வருகிறான். அவனுக்குப் பெயர் இல்லை. அங் என்னும் குறிப்பிடாத ஆர்ட்டிகிளோடுதான் வாசகர்முன் வருகிறான். அடுத்த பத்தியில் அவன் ‘அந்த மனிதன்’ ஆகிறான், ஆர்ட்டிகிள் மாறிவிட்டது. சற்றுப் பின்னர் சுரங்கத்தருகே வண்டியோட்டும் கிழவரிடம் தன் பெயர் எத்தியென் லாந்தியே என்கிறான். கூடவே தான் இயந்திரப் பணியாளன் என்கிறான். அங்கே ஆர்ட்டிகிள் இல்லை. உடனே, இங்கே வேலை ஏதும் இல்லையா என்று கேட்கிறான். அங்கே ஆர்ட்டிகிள் இருக்க வேண்டிய இடத்தில் ‘து’ என்னும் வேறொரு சொல் வந்து நிற்கிறது. புதியவன், தெரிந்தவன், தொழில், இன்மை. பிரெஞ்சுப் பெயர்ச்சொல்லின் நான்கு நிலைகளும் வேலை தேடி வந்த ஒருவனின் வாயிலும் வரவிலும் அமைந்துவிட்டன. வேலை தேடி நடந்து வந்தவர்களின் ஊரில் இதை வாசிக்கும்போது விளக்கவுரை அதிகம் தேவைப்படவில்லை.

இனிக் கற்களுக்கு வருகிறேன். முதற்கல் தொழிற்பெயர். ‘என் தாத்தா சுரங்கத் தொழிலாளி’ என்பதை எழுதச் சொன்னால் பத்துக்கு ஒன்பது பேர் ‘தொழிலாளி’க்கு முன்னால் அங் போடுவார்கள். பிரெஞ்சில் அது வேண்டியதில்லை: ‘மோங் க்ராங்பேர் எத்தே மினர்’. தாத்தாவுக்கும் மினருக்கும் நடுவே ‘இருந்தார்’ என்னும் வினை மட்டும். அங் எங்கிருந்து வந்தது? தமிழிலிருந்து வரவில்லை. தமிழில் எவரும் ‘என் தாத்தா ஒரு சுரங்கத் தொழிலாளி’ என்று தொடங்குவதில்லை. ‘தாத்தா மைன்ஸ்ல வேலை’ என்போம், ‘அப்பா டிரைவர்’ என்போம். மருத்துவர், ஆசிரியர், தொழிலாளி என்பன தமிழிலும் பிரெஞ்சிலும் வெறும் பெயராக நிற்கின்றன. ஆங்கிலம் மட்டுமே அங்கே ‘ஏ’ போடச் சொல்கிறது. மாணவர் தம் மனத்தில் இருந்த சரியான தமிழ் வாக்கியத்தை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைப் பிரெஞ்சாக்கும்போது இல்லாத ஒரு சொல் முளைக்கிறது. நேர்வழி அரை மைல். சுற்றுவழியில் போய் வழி தவறுகிறோம்.

இந்த ஒற்றுமை இன்னும் நுண்மையாகவும் செல்கிறது. தொழிற்பெயருக்கு அடைமொழி சேர்ந்தால் பிரெஞ்சில் அங் திரும்பி வரும்: ‘அங் போங் மினர்’, ஒரு நல்ல சுரங்கத் தொழிலாளி. தமிழிலும் அப்படியே. ‘அவர் டாக்டர்’ என்கிறோம். ‘அவர் ஒரு நல்ல டாக்டர்’ என்கிறோம். வெறும் தொழிற்பெயர் ஒருவரை ஒரு வகையில் சேர்க்கிறது. அடைமொழி வந்ததும் அந்த வகையிலிருந்து ஒருவர் தனியே எடுத்துக் காட்டப்படுகிறார். காட்டுவதற்கு ‘ஒரு’ வேண்டியிருக்கிறது. ‘யார் அவர்?’ என்னும் கேள்விக்கு விடையாக ‘ஸெ தங் மினர்’ என்று அங்கோடு சொல்ல வேண்டும். தமிழிலும் அந்த இடத்தில் ‘ஒரு சுரங்கத் தொழிலாளி’ என்பது இயல்பாக வரும். கஸ்தாவ் கியோம் என்னும் பிரெஞ்சு மொழியியலாளர் 1919இல் ஆர்ட்டிகிளைப் பற்றியே ஒரு முழுநூல் எழுதினார். அங் என்பது பொதுவிலிருந்து தனியொன்றை நோக்கிக் குறுகும் இயக்கம், லு என்பது அங்கிருந்து மறுபடி விரியும் இயக்கம் என்பது அவர் கருத்தின் சாரம். மாணவர்களுக்கு நான் கியோமின் பெயரைச் சொல்வதில்லை. பணிப் பதிவேட்டில் உங்கள் தாத்தா வெறும் தொழிலாளி; உங்கள் பாட்டி அவரைப் பற்றிச் சொல்லும்போது அவர் ‘ஒரு’ தொழிலாளி என்று சொல்வேன். புரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘மினர்’ என்பதற்கு வயதுவராத சிறார் என்றும் பொருள் உண்டு. ஆர்ட்டிகிள் இங்கே உதவாது, சூழல்தான் பிரிக்கும்.

பசிக்கும் இதே கதை. பிரெஞ்சில் ‘ழே ஃபெங்’ என்றால் எனக்குப் பசி; சொல்லுக்குச் சொல், ‘எனக்கு உண்டு பசி’. பசி, தாகம், பயம் ஆகியவற்றுக்கு முன் ஆர்ட்டிகிள் இல்லை. பழைய பிரெஞ்சில் பெயர்கள் இன்று போலன்றி அடிக்கடி ஆர்ட்டிகிள் இல்லாமல் வந்தன. அந்தக் காலத்தின் எச்சங்கள் இவை. ‘எனக்குப் பசி’ என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்கு இதில் கற்க ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் ‘நான் பசியாக இருக்கிறேன்’ என்று பழகியவருக்குத்தான் இது விதிவிலக்காகத் தோன்றும்.

இரண்டாம் கல் எதிர்மறை. இது எல்லாருக்கும் கடினம் என்று பாடநூல்கள் சொல்லும். ‘இல் இயா யூன் மீன்’ என்றால் ஒரு சுரங்கம் இருக்கிறது. எதிர்மறையாக்கினால் யூன் மறைந்து ‘து’ வரும்: ‘இல் நியா பா து மீன்’, சுரங்கம் இல்லை. அங், யூன், தே மூன்றும் இப்படியே ‘து’ ஆகிவிடும். ஆனால் ‘இது சுரங்கம் அல்ல’ என்று சொல்லும்போது யூன் மறையாது: ‘ஸு நெ பா யூன் மீன்’. ஏன் ஓரிடத்தில் மறைகிறது, மற்றோரிடத்தில் நிற்கிறது? பாடநூல்கள் இதைப் பட்டியலாகத் தருகின்றன: இன்ன வினைக்குப்பின் மாறும், இன்ன வினைக்குப்பின் மாறாது. மாணவர் பட்டியலை மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறக்கிறார்கள்.

மேலே எழுதிய இரண்டு தமிழ் வாக்கியங்களின் கடைசிச் சொற்களைப் பாருங்கள். சுரங்கம் இல்லை. சுரங்கம் அல்ல. ஒரு பொருளின் இருப்பை மறுப்பது ‘இல்லை’. ஒரு பொருள் இன்னதென்பதை மறுப்பது ‘அல்ல’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘நாட்’. தமிழ் மரபு இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களால் பிரித்து வைத்திருக்கிறது. பிரெஞ்சு அதே பிரிவை ஆர்ட்டிகிளில் வைத்திருக்கிறது. ‘இல்லை’ வரும் இடத்தில் து. ‘அல்ல’ வரும் இடத்தில் அங் அல்லது யூன். பிரெஞ்சில் உடைமையைச் சொல்லும் வினையும் இதில் சேரும். ‘என்னிடம் வேலை உண்டு’ என்பதன் மறுப்பு நமக்கு ‘எனக்கு வேலை இல்லை’ என்பதே; அங்கேயும் து. பார்த்தேன், வாங்கினேன் போன்ற வினைகளுக்கு மறுப்பு பார்க்கவில்லை, வாங்கவில்லை. அவற்றின் வாலிலும் ‘இல்லை’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றின் செயப்படுபொருளுக்கு முன்னும் து.

பேச்சில் நாங்கள் ‘அல்ல’ சொல்வதில்லை என்று மாணவர் மறுத்தார்கள். உண்மைதான், எங்கள் ஊர்ப் பேச்சில் இரண்டுக்கும் ‘இல்லை’யே வழங்குகிறது. ஆனால் சோதனை எளிது. அந்த இடத்தில் எழுத்துத் தமிழில் ‘அல்ல’ போட்டால் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ‘இங்கே சுரங்கம் அல்ல’ என்றால் காது ஏற்காது. ‘இது சுரங்கம் அல்ல’ என்றால் ஏற்கும். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த எழுத்துத் தமிழுக்குப் பிரெஞ்சு வகுப்பில் ஒரு பயன் கிடைத்தது. அதைக் கண்டபோது அவர்கள் முகத்தில் ஏற்பட்ட வியப்பு எனக்கு முக்கியமானது.

‘து’ ஏன் வந்தது என்பதற்கும் தமிழில் விடை உண்டு. பிரெஞ்சு எதிர்மறையில் வரும் ‘பா’ என்பது முதலில் ஓர் எதிர்மறைச் சொல் அன்று. காலடி என்னும் பெயர்ச்சொல். ஓர் அடியும் நடக்கவில்லை என்பதில் மறுப்பை அழுத்த வந்த சொல். அதே வேலைக்குப் பழைய பிரெஞ்சு வேறு சின்னஞ்சிறு பொருள்களையும் பயன்படுத்தியது: புள்ளி, துளி, ரொட்டித் துணுக்கு. துணுக்குக்கு அவர்கள் சொன்ன சொல் ‘மீ’. ரொட்டியின் துணுக்கும் இல்லை, தண்ணீரின் துளியும் இல்லை என்னும் தொடர்களில் உள்ள ‘இன்’ என்னும் உறவே ‘து’. நாளடைவில் துணுக்கும் துளியும் வழக்கொழிய, காலடி மட்டும் பொது எதிர்மறையாக நிலைத்தது. உறவுச் சொல்லான ‘து’வும் உடன் தங்கிவிட்டது. தமிழில் இந்தத் துணுக்குகள் இன்னும் உயிரோடிருக்கின்றன. எள்ளளவும் இல்லை, இம்மியும் இல்லை, பொட்டுத் தண்ணீர் இல்லை என்கிறோம். மீயும் இம்மியும் ஒலியில் நெருங்குவது தற்செயல். பொருளில் நெருங்குவது தற்செயல் அன்று. அளவுக்கெட்டாத சிறுமையைக்கூட மறுத்தால்தான் முழு மறுப்பு என்பது இரு மொழிகளின் பொது எண்ணம்.

எங்கள் ஊருக்கு இதில் தனி எடுத்துக்காட்டு உண்டு: ‘குந்துமணித் தங்கம்கூட இல்லை’. நூறாண்டுக்கு மேலாகத் தங்கம் வெட்டி மேலே அனுப்பிய வீடுகளில் பெண்கள் தம் கழுத்தைக் காட்டிச் சொல்லும் வாக்கியம் இது. தமிழ்நாட்டில் எங்கும் வழங்கும் தொடர்தான். இங்கே அதன் எடை வேறு. ‘பா தோர்’, பொன் இல்லை என்று கரும்பலகையில் எழுதி, து எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்தக் குந்துமணி இருந்த இடத்திலிருந்து என்கிறார்கள். இலக்கண வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

மூன்றாம் கல் எண்ணிக்கைக்கு அடங்காத பொருள்கள். தண்ணீர், மணல், தங்கம் ஆகியவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. பிரெஞ்சில் அவற்றுக்கு அங், யூன் பொருந்தாமல், ‘அதிற் கொஞ்சம்’ என்று பொருள்படும் வேறோர் ஆர்ட்டிகிள் வரும்: ஆண்பாலுக்குத் த்யூ, பெண்பாலுக்கு து லா, உயிரெழுத்துக்கு முன் து ல். தண்ணீர் குடிக்கிறேன் என்றால் ‘ழு ப்வா து லோ’. தெரிந்த, குறிப்பிட்ட தண்ணீரைக் குடிக்கிறேன் என்றால் ‘லோ’ மட்டும். இந்த வேறுபாடு தமிழில் எங்கே இருக்கிறது? இந்தப் பத்தியிலேயே வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கிறேன், தண்ணீரைக் குடிக்கிறேன். நம் இரண்டாம் வேற்றுமை உருபு அஃறிணைப் பெயரில் தொக்கும் நிற்கும், விரிந்தும் நிற்கும். ‘ஐ’ தொக்கு நின்றால் பொருள் பொதுவாக இருக்கும். விரிந்தால் பெரும்பாலும் இன்ன பொருள் என்று குறுகும். கல் உடைத்தான் என்றால் அவன் தொழில். கல்லை உடைத்தான் என்றால் எந்தக் கல் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரெஞ்சு பெயரின் தலையில் வைக்கும் அடையாளத்தைத் தமிழ் வாலில் வைக்கிறது. உயர்திணையில் இச்சோதனை செல்லாது. ‘பையனைப் பார்த்தேன்’ என்பதில் ஐ எப்போதும் விரிந்தே நிற்கும். அஃறிணையில், அதிலும் எண்ணவியலாப் பொருள்களில், நன்றாக வேலை செய்கிறது.

ஆக, தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்பதை இப்படித் திருத்திச் சொல்லலாம்: ஆர்ட்டிகிளின் வேலையைத் தமிழ் ஒரே இடத்தில் குவிக்காமல் மூன்று இடங்களில் பகிர்ந்து வைத்திருக்கிறது. பெயருக்கு முன்னால் ‘ஒரு’. பெயரின் இறுதியில் ‘ஐ’. வாக்கியத்தின் இறுதியில் ‘இல்லை’, ‘அல்ல’.

தமிழ் உதவாத இடங்களையும் மறைக்கக் கூடாது. மீன் பெண்பால், ஓர் ஆண்பால் என்பதற்குக் காரணம் தேட வேண்டாம். சொல்லோடு சேர்த்து மனத்தில் வாங்க வேண்டும். பன்மையான ‘தே’ இன்னும் சிக்கல். அதைச் ‘சில’ என்று மொழிபெயர்ப்பது தவறு. சிலவுக்குப் பிரெஞ்சில் வேறு சொல் உண்டு. ‘தே மினர்’ என்றால் எத்தனை பேர், எவர் என்று சொல்லாத தொழிலாளர்கள். தமிழில் வெறும் ‘தொழிலாளர்கள்’. ஒருமைக்கு ‘ஒரு’ உண்டு, பன்மைக்கு நம்மிடம் ஒன்றுமில்லை. அங் என்பதற்குத் தன் வேரிலிருந்து பன்மை இல்லாமல், வேறு வேரிலிருந்து வந்த தே பன்மையாகப் பயன்படுவதை 1660இல் வெளிவந்த போர் ரோயால் இலக்கணமே எடுத்துப் பேசுகிறது. ஆர்னோவும் லாஞ்ஸலோவும் யோசிக்க வேண்டியிருந்த இடத்தில் என் மாணவர் யோசிப்பதில் வெட்கமில்லை. ‘ஒரு’வுக்கு நம்மிடம் உள்ள இன்னொரு வேலையும் வழி தவறச் செய்யும். ‘ஒரு நூறு பேர்’ என்றால் ஏறத்தாழ நூறு. இதை அங் போட்டு மொழிபெயர்க்க முடியாது. பிரெஞ்சில் அதற்கு ‘யூன் ஸாந்தேன்’ என்று தனிச்சொல் உண்டு.

இதெல்லாம் இலக்கணம். எங்கள் ஊரில் இது இலக்கணத்தோடு நிற்பதில்லை. ‘என் ஊர்’ என்று ஐந்து வாக்கியம் எழுதுவது எல்லாப் பிரெஞ்சுப் பாடத்திட்டங்களிலும் வரும் பயிற்சி. ஒரு மாணவி ‘இல் நியா ப்ளூ து மீன்’ என்று எழுதினாள்: இனிச் சுரங்கம் இல்லை. இலக்கணம் சரி. ‘ப்ளூ’ வந்ததால், முன்பு இருந்து இப்போது இல்லாமற்போனது என்பதும் அடங்கிவிட்டது. அடுத்தவன் எழுதியது ‘இல் நியா ப்ளூ தோர்’: இனிப் பொன் இல்லை. இதற்கும் இலக்கணம் சரி. ஆனால் வகுப்பில் சண்டை வந்தது. பொன் இல்லை என்று யார் சொன்னது? தோண்டி எடுக்கும் செலவு கட்டுபடியாகவில்லை என்றுதானே மூடினார்கள்? ஊரைச் சுற்றி மலைபோல் நிற்கும் சயனைடு மணல்மேடுகளில் இன்னும் தங்கத் துகள் இருப்பதால்தானே அவற்றை ஏலம் விடுவது பற்றி அவ்வப்போது பேச்சு எழுகிறது? அப்படியானால் ‘து லோர்’, கொஞ்சம் பொன் உண்டு, என்பதே உண்மை. இனி இல்லாதது வேலை. ‘இல் நியா ப்ளூ து த்ரவாய்’ என்று மாற்றி எழுதினார்கள். எத்தியென் லாந்தியே கேட்ட அதே பெயர்ச்சொல், அதே து.

சுரங்கத்தைப் பற்றிய முதல் வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்ற மாணவிக்கு அவள் தாத்தா மறுப்புச் சொன்னாராம்: “சுரங்கம் எங்க போச்சு? கீழதான் இருக்கு. தண்ணி ரொம்பிக் கெடக்கு.” சுரங்கங்களில் நீர் நிரம்பியிருப்பது உண்மை. 1965இல் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோக்களை முதன்முதலாகப் பதிவுசெய்த இடங்களுள் ஒன்று சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழம். அதுவும் அந்த இருட்டில்தான். தாத்தாவின் வாக்கியத்தை என்னால் குறிப்பிடாத ஆர்ட்டிகிளில் மொழிபெயர்க்க முடியாது. அவருக்கு அது ‘யூன் மீன்’ ஆக ஒருநாளும் இருந்ததில்லை. எப்போதும் ‘லா மீன்’. குறிப்பிட்ட ஆர்ட்டிகிளை எதிர்மறை தொடுவதில்லை என்பது பிரெஞ்சு விதி. அறிமுகமாகாத ஒன்றை இல்லையென்று சொல்லித் துடைக்கலாம். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் துடைக்க முடியாது, அதைப் பற்றிய ஏதோ ஒன்றை மட்டுமே மறுக்கலாம்.

2001க்குப் பின் பிறந்த மாணவர்களுக்கு எந்த ஆர்ட்டிகிள்? அவர்களில் ஒருவர்கூடக் கீழே இறங்கியதில்லை, கேஜில் நின்றதில்லை. ஆனாலும், ‘நான் சுரங்கத்தைப் பார்த்ததில்லை’ என்று எழுதச் சொன்னபோது, எல்லாரும் ‘ழு நே பா வ்யூ லா மீன்’ என்றே எழுதினார்கள். ‘து மீன்’ என்று ஒருவரும் எழுதவில்லை. விதியை நினைத்து எழுதினார்களா, ‘சுரங்கத்தை’ என்பதில் உள்ள ஐ வழிகாட்டியதா என்று கேட்டேன். ‘நம்ம சுரங்கம்தானே சார்’ என்றாள் அந்த மாணவி. ‘பார்த்ததில்லை’ என்பது பார்வையை மறுக்கிறது. சுரங்கம் லாவோடு நிற்கிறது.

நான் படித்த ஒரு கல்வி நிலையத்தில் பிரெஞ்சு வகுப்பில் தமிழ் பேசுவதற்குத் தடை இருந்தது. ஆங்கிலம் பேசத் தடையில்லை. பெயர் வேண்டாம், இந்த வழக்கம் அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று. இலக்கு மொழியிலேயே வகுப்பு நடக்க வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் விளக்கத்துக்கு இன்னொரு மொழி வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அது ஏன் ஆங்கிலமாகவே இருக்க வேண்டும்? ஆங்கிலம் தடுமாறும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இரண்டு மடங்கு சுமை. பிரெஞ்சு வரவில்லை என்று அவள் நினைப்பது பல நேரம் ஆங்கிலம் வராததுதான். ‘இல்லை’யும் ‘அல்ல’வும் தெரிந்த ஒருத்தி, பிரெஞ்சு எதிர்மறைக்குத் தேவையான பிரிவை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறாள். அதைக் கையில் வைத்திருப்பதை அவளிடம் சொல்ல வேண்டியது ஆசிரியரின் வேலை.

தமிழ் வழியாகப் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் கற்பிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ஐ’ உருபின் தொகையையும் விரிவையும் ஆர்ட்டிகிளோடு ஒப்பிட்டு வகுப்பில் சோதித்திருந்தால், எந்தப் பெயர்களில் பொருந்தியது, எங்கே உடைந்தது என்று எழுதுங்கள். உடைந்த இடங்களே எனக்கு அதிகம் தேவைப்படுகின்றன. மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், இம்மிக்கும் குந்துமணிக்கும் துளிக்கும் ஈடாக வழங்கும் சொற்கள் என்னென்ன? நெசவூரில் நூலிழையாக இருக்கலாம். கடலோரத்தில் வேறொன்றாக இருக்கலாம். எழுதினால், எந்த ஊர் எதை வைத்து ‘இல்லை’ சொல்கிறது என்று ஒரு பட்டியல் தொகுக்கலாம்.